விற்றதோடு தீர்ந்ததா?

ஒரு பொருளை விற்றோம். விலையை வாங்கிக் கல்லாவில் போட்டோம். சீட்டும் எழுதிக் கொடுத்தோம். வாங்கியவர் கடைப்படி இறங்கிப் போய்விட்டார். அத்துடன் அந்தப் பொருளுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு அற்றுப் போயிற்றா? வணிகர்களாகிய நம்மில் பெரும்பாலோர் இதை ஒரு கேள்வியாகவே எண்ணுவதில்லை. பேரேட்டில் வரவு எழுதிக் கீழே கோடு போட்டுவிட்டால் அந்தக் கணக்கு முடிந்தது என்றே கொள்கிறோம்.

நம் முன்னோர் மளிகையும் துணியும் விற்ற காலத்தில் இவ்வழக்கத்தால் பெருந்தீங்கு ஒன்றும் விளையவில்லை. அரிசி உண்டு தீர்ந்தது. துணி நைந்து கந்தலாயிற்று. கந்தலும் அடுப்படியில் பயன்பட்டது. மண்ணெண்ணெய்த் தகரம் வாளியாயிற்று. காலியான பால் டின்னில் கயிறு கட்டிக் கோப்பி வாங்கிப் போனார்கள். சோடாப் புட்டி மட்டும் கடைக்கே திரும்பி வந்தது. காலிப் புட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வது ஒரு தொல்லை என்று எந்த முதலாளியும் முகஞ்சுளித்ததில்லை. அதுவும் வியாபாரத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இன்று சிராங்கூன் சாலையிலும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையிலும், பினாங்கிலும் நம்மவர் கடைகளில் தொங்குபவை எவை? கைத்தொலைபேசி, சார்ஜர், பவர் பேங்க், கடிகாரத்துப் பொத்தான் பேட்டரி, பேட்டரியில் ஓடும் பொம்மை, பல்பு, டியூப் லைட், அவசர விளக்கு. இவை உண்டு தீர்வனவும் அல்ல. நைந்து மண்ணோடு மண்ணாவனவும் அல்ல. உழைக்கும் வரையில் நண்பனாக இருந்து, ஓய்ந்த பிறகு பகைவனாக மாறக்கூடிய பொருள்கள் இவை. ஆனால் நாமோ, அரிசி விற்ற காலத்து மனத்தை வைத்துக்கொண்டே இவற்றையும் விற்று வருகிறோம்.

நடந்தது ஒன்று

இதைப் பிறருக்கு உபதேசமாகச் சொல்ல வரவில்லை. நம்முடைய கடையிலேயே நடந்த ஒன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரவு, கடை அடைக்கும் நேரம். வெளிநாட்டுத் தொழிலாளர் ஒருவர் தம் பவர் பேங்கைக் கொண்டுவந்து காட்டினார். அது பூரியைப் போல் ஊதியிருந்தது. நாம் புதியது ஒன்றை எடுத்துக் கொடுத்தோம். விலையிலும் சிறிது குறைத்தோம். “பழையதை நாங்களே போட்டுவிடுகிறோம், தம்பி” என்று தாராளமாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டோம். கடைப்பையனிடம் கொடுத்தோம். அவன் மற்றக் குப்பையோடு சேர்த்துக் கட்டிப் பின்சந்துத் தொட்டியில் போட்டுவிட்டான். அவன் மேல் குற்றமில்லை. அது என்னவென்று நாம் அவனுக்குச் சொல்லவே இல்லை.

மறுநாள் காலையில் துப்புரவுத் தொழிலாளர் ஒருவர் தொட்டி நிரம்பியிருக்கவே பைகளைக் கையால் அமுக்கினார். உள்ளேயிருந்து குபீரென்று புகையும் தீயும் கிளம்பின. அவருடைய வலது உள்ளங்கை வெந்து போயிற்று. நல்லவேளையாகப் பெருங்காயமில்லை. சத்தம் கேட்டு ஓடிய நாம் தண்ணீர் ஊற்றினோம். மருந்துச் செலவுக்கு ஐம்பது வெள்ளியும் கொடுத்தோம். அவர் கண்கலங்கி, “நீங்கள் நல்ல மனுஷர், பாய்” என்றார்.

அது நம் கடைப் பை என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். நாம் சொல்லவில்லை. கொடுக்க வேண்டிய கடனைத் தருமம் என்ற பெயரில் கொடுத்து, அதற்கு நன்றியும் வாங்கிக்கொண்டு வந்து கடையில் உட்கார்ந்தோம். இக்கட்டுரை அந்த நன்றியின் உறுத்தலால் எழுதப்படுவது.

உள்ளே இருப்பது என்ன?

ஊதிப் போன லித்தியம் பேட்டரிக்குள் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றுக்கு இடையில் எளிதில் தீப்பற்றும் திரவம் ஊறியிருக்கிறது. அமுக்கினாலோ, குத்தினாலோ, மடக்கினாலோ அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டுச் சூடேறித் தீப்பிடிக்கும். குப்பை லாரிகள் குப்பையை நசுக்கியே ஏற்றுகின்றன என்பதை நினைவில் கொண்டால் இதன் அபாயம் விளங்கும்.

டியூப் லைட்டுக்குள்ளும் சுருள் பல்புக்குள்ளும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. பழைய அவசர விளக்குகளிலும் கம்பியில்லாத் தொலைபேசிகளிலும் உள்ள நிக்கல்-காட்மியம் பேட்டரிகளில் காட்மியம் உண்டு. பழைய மின்சாதனங்களின் பற்றாசில் ஈயம் உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. பொத்தான் பேட்டரியோ அளவில் சிறியது, கொடுமையில் பெரியது. குழந்தை விழுங்கிவிட்டால் அது தொண்டைக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். ஓய்ந்து போனது என்று நாம் கழற்றி மேசைமேல் வைக்கும் பேட்டரியிலும் அவ்வளவுக்குப் போதிய மின்சாரம் மிச்சமிருக்கும்.

சிங்கப்பூரில் குப்பைக்குழாயில் விழுவது எரி ஆலைக்குப் போகிறது. எரிந்த சாம்பல் துவாஸிலிருந்து படகேறிச் செமாக்காவ் தீவுக்குச் செல்கிறது. 1999-இல் திறக்கப்பட்ட அந்த நிலப்பரப்பு 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று அரசாங்கமே கணித்திருக்கிறது. நெருப்பால் காகிதத்தையும் துணியையும் அழிக்க முடியும். உலோகத்தை அழிக்க முடியாது.

உலகக் கணக்கு இன்னும் பெரிது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்கழிவு சேர்ந்தது என்று ஐக்கிய நாட்டு அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுபயனீடு செய்யப்பட்டதாகப் பதிவானது நூற்றுக்கு 22 பங்கு அளவே. எஞ்சியதில் ஒரு பகுதி கப்பலேறி ஏழைகளின் ஊரைச் சென்றடைகிறது. தென் சீனத்தின் குய்யூ என்ற ஊர் பல்லாண்டுக் காலம் அத்தகைய ஊராக இருந்தது. செம்புக்காகக் கம்பிகளைத் திறந்த வெளியில் எரித்தார்கள். தங்கத்துக்காகத் தகடுகளை அமிலத்தில் முக்கினார்கள். அவ்வூர்க் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததை ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். 2018-க்குப் பிறகு சீனா அயல்நாட்டுக் குப்பைக்குக் கதவை அடைத்தது. அக்குப்பை மலேசியாவின் பக்கம் திரும்பிற்று. அங்குள்ள துறைமுகங்களில் மின்கழிவு நிறைந்த கொள்கலன்கள் பிடிபட்டதைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். 2025 ஜனவரி 1 முதல், பாசல் உடன்படிக்கையின் திருத்தப்படி, எந்த மின்கழிவையும் பெறும் நாட்டின் முன்அனுமதியின்றி அனுப்புதல் ஆகாது. சட்டம் வந்தது நன்று. ஆனால் சட்டம் வரும்வரை அந்தக் குழந்தைகள் காத்திருக்கவில்லை.

மூன்று சமாதானங்கள்

இவ்வளவையும் கேட்ட பிறகும் நம் மனம் சமாதானங்களைத் தேடும். நம் மனமும் தேடிற்று. அவற்றை நேர்மையாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் சமாதானம்: ‘வாங்கியவர் பொருளுக்குச் சொந்தக்காரர், பொறுப்பும் அவருடையதே.’ இதில் உண்மையில்லாமல் இல்லை. சொந்தம் கை மாறுகிறது என்பது சரியே. ஆனால் சொந்தத்தோடு அறிவும் சேர்ந்து கை மாறுகிறதா? பேட்டரியின் குணம் நமக்குத் தெரியும். அல்லது தெரிந்திருக்க வேண்டும். வாங்கியவருக்குத் தெரியாது. குறையுள்ள சரக்கைக் குறை சொல்லாமல் விற்பது மோசடி என்பதில் நம்மவருக்குள் இரண்டு கருத்து இல்லை. பேட்டரி குறையுள்ள சரக்கு அன்று. ஆயினும், ஓய்ந்தபின் அது என்ன செய்யும் என்பதும் அந்தச் சரக்கின் குணங்களில் ஒன்று அன்றோ? நல்ல குணத்தை உரக்கச் சொல்லி, கெட்ட குணத்தை விழுங்கிவிட்டால் சொன்னதும் பாதிப் பொய்யாகிறது.

மேலும், இங்கே அடிபடுபவர் வாங்கியவர்கூட அல்லர். அந்தத் துப்புரவுத் தொழிலாளர் நம்மிடம் ஒரு வெள்ளிக்குக்கூடச் சரக்கு வாங்கியதில்லை. விற்றவருக்கு இலாபம், வாங்கியவருக்குப் பயன், இரண்டிலும் பங்கில்லாத மூன்றாமவருக்குக் காயம். இது எந்த ஊர்ப் பங்கு வியாபாரம்?

இரண்டாம் சமாதானம்: ‘ஒன்றே ஒன்றினால் என்ன வந்துவிடும்?’ இதைப் பிறர் சொன்னால் பொறுக்கலாம். வணிகர் சொல்லக் கூடாது. ஒரு சாமானுக்கு ஐந்து காசு, பத்துக் காசு என்று சேர்த்தே நம் பாட்டன்மார் ஒட்டுக்கடையிலிருந்து கல்கட்டடக் கடைக்கு வந்தார்கள். சிறுதுளி சேர்ந்து பெருவெள்ளமாகும் என்பது நாம் வாழ்ந்து அறிந்த கணக்கு. அந்தக் கணக்கு இலாபத்துக்கு மட்டும் உண்மையாகி, நட்டத்துக்குப் பொய்யாகிவிடுமா?

ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரையூரில் 1956-இல் ஒரு கொடிய நரம்பு நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. ஒரு தொழிற்சாலை பாதரசம் கலந்த கழிவை நெடுநாள் குடாவில் விட்டு வந்தது. கடல் பெரிது என்பதனால் பாதரசம் இல்லாமற் போய்விடவில்லை. அது மீனுக்குள் சேர்ந்தது. மீனை உண்ட குடும்பங்களுக்குள் சேர்ந்தது. தாயின் வயிற்றிலிருந்த சிசுவையும் தாக்கிற்று. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு அவ்வூரின் பெயரையே இட்டார்கள். 2017-இல் அது நடைமுறைக்கு வந்தது. நம் கடைக் குழல்விளக்கு ஒன்றினால் மினமாட்டா நேர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மிகை. ஆனால், ‘கண்ணுக்கு மறைந்தது காணாமற் போய்விட்டது’ என்று எண்ணும் மனம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

மூன்றாம் சமாதானம்: ‘சட்டம் நம்மைச் சொல்லவில்லையே!’ சிங்கப்பூரில் 2019-இல் வளங்கள் நீடிப்புச் சட்டம் நிறைவேறியது. 2021 ஜூலை 1 முதல் மின்சாதனங்களை உண்டாக்குவோரும் இறக்குமதி செய்வோரும் அவற்றின் முடிவுக்கும் பொறுப்பேற்கும் திட்டம் நடந்து வருகிறது. 300 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள பெரிய மின்பொருள் கடைகள் பழையதைச் சேகரிக்கும் பெட்டியைக் கடைக்குள்ளேயே வைக்க வேண்டும். நம்மவர் கடைகளுள் பெரும்பாலானவை அந்த அளவில் பத்தில் ஒரு பங்கும் இரா. ஆகவே பெட்டி வைக்கும் கட்டாயம் நமக்கு இல்லை.

ஆனால் சட்டம் நம்மை விட்டது எதற்காக? நம் கடை சிறியது, இடமில்லை, செலவு தாங்காது என்ற இரக்கத்தினால். நம் சரக்கு தீங்கற்றது என்பதனால் அன்று. இரக்கத்தினால் கிடைத்த விடுதலையை நற்சான்றாக எடுத்துக் கொள்வது நேர்மையாகாது. சட்டம் என்பது யாவரும் இறங்கக் கூடாத அடிமட்டம். நல்லவர் நிற்க வேண்டிய இடம் அதற்கும் மேலே இருக்கிறது.

தருமத்தின் பெயரால்

நம் சமூகத்தவரிடம் சிறப்பாக உள்ள ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எதையும் வீணாக்கலாகாது என்று வளர்ந்தவர்கள் நாம். பழைய கைத்தொலைபேசிகளையும் சார்ஜர்களையும் சேர்த்து வைத்து, ஊருக்குப் போகும்போது பெட்டியில் அடுக்கிக் கொண்டு போவோம். ஓடக்கூடியதைக் கொடுத்தால் அது நல்ல காரியந்தான். மறுபயனீட்டை விடவும் மேலானது. ஒரு கருவியை இன்னும் நான்கு ஆண்டு உழைக்க வைப்பதே சிக்கனத்தின் முதற்படி.

ஆயின் பேட்டரி ஊதியதும், ஓடாததும், கம்பி தெரியும் சார்ஜரும் அந்தப் பெட்டியில் இருக்கின்றனவே! ஊதிய பேட்டரி விமானத்தில் ஏறுவதே அபாயம். இறங்கிய பிறகும் அதைச் சேர்க்க அங்கே இடமில்லை. கடைசியில் கடற்கரை ஓரத்துக் குப்பைமேட்டில் அது எரியும். புகையை நம் உறவினர் பிள்ளைகளே முகர்வார்கள். நாம் காசு கொடுத்து வாங்கக் கூசும் பொருளைப் பிறருக்கு இனாமாகக் கொடுப்பது தருமமாகாது. அது நம் குப்பையை அவர் வாசலில் கொட்டி, மேலும் நன்றியையும் எதிர்பார்ப்பதாகும். நன்றி வாங்கிய கதையை முன்னரே சொன்னோம்.

கராங்குனிக்காரரிடம் கொடுத்தாலும் இதே விதிதான். பழஞ்சாமான் வாங்கும் அவர்கள் இந்நகருக்குச் செய்யும் தொண்டு பெரிது. தாளும் இரும்பும் துணியும் தாராளமாகக் கொடுக்கலாம். ஊதிய பேட்டரியையும் உடைந்த குழல்விளக்கையும் பழைய தாளுக்கு நடுவில் மறைத்துக் கொடுப்பதுதான் குற்றம்.

எல்லை எது?

‘அப்படியானால் விற்ற ஒவ்வொரு பேட்டரியின் பின்னாலும் நாம் ஓட வேண்டுமா?’ என்று ஓர் அன்பர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. கடமைக்கு எல்லை சொல்லாவிட்டால் அது ஒருவராலும் செய்ய முடியாததாகி, கடைசியில் ஒருவரும் செய்யாததாகிவிடும்.

நமக்குத் தோன்றும் எல்லை இது: பொருள், அதை அறிந்த கைக்குப் போய்ச் சேரும் வரை. விற்கும்போது வாங்குபவருக்குச் சொல்லிவிட்டால் அவர் கை அறிந்த கையாகிவிடுகிறது. பிறகு அவர் தவறினால் பொறுப்பு அவருடையது. பழையது நம்மிடமே திரும்பி வந்தால், அதைச் சேகரிப்புப் பெட்டியில் சேர்க்கும் வரை பொறுப்பு நம்முடையது. இடையில் அறியாத கை எதற்கும் அது போகலாகாது, கடைப்பையனின் கைக்குக்கூட. இது அமானிதம். பிறர் பணத்தை ஓர் இரவு நம்மிடம் கொடுத்து வைத்தால் எப்படிக் காப்போமோ, அப்படியே பிறருக்குத் தீங்கு தரும் பொருள் ஓர் இரவு நம்மிடம் இருந்தாலும் காக்க வேண்டும். வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவது நற்செயல் என்று சிறு வயதில் ஓதப் போன இடத்தில் கற்றோம். முள்ளை அகற்றுவது இருக்கட்டும். நாமே போடாதிருப்பது அதற்கு முந்திய பாடம்.

செய்யக்கூடியவை

இவை பெருஞ்செலவுக் காரியங்கள் அல்ல. பேட்டரியோ பவர் பேங்கோ பல்போ விற்கும்போது, ‘ஓய்ந்ததும் குப்பைக்குழாயிலும் நீலத் தொட்டியிலும் போடாதீர்கள், மின்கழிவுப் பெட்டியில் போடுங்கள்’ என்று ஒரு வாக்கியம் சொல்லலாம். அதையே சீட்டின் அடியில் முத்திரையாகக் குத்தலாம். சமூக மன்றங்களிலும் பேரங்காடிகளிலும் அப்பெட்டிகள் உள்ளன. எதை ஏற்கும், எதை ஏற்காது என்று பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும். மலேசிய அன்பர்கள் 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளின்படி உரிமம் பெற்றவர்களிடமே மின்கழிவை ஒப்படைக்க வேண்டும். எடைக்கு அதிக விலை தருகிறான் என்று எவனிடமும் தள்ளிவிடக் கூடாது.

ஓய்ந்த பேட்டரிகளின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டுங்கள். அவற்றைத் தகர டின்னில் குவிக்காமல் பிளாஸ்டிக் டப்பாவில், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். சேர்த்து வைப்பதே ஓர் அபாயம். ஊதியதை மின்னேற்றவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம், பெட்டிக்குள் தள்ளவும் வேண்டாம். அதைத் தனியாக வைத்து, சேகரிப்போரிடம் கேட்டு நேரில் ஒப்படையுங்கள். குழல்விளக்கு உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் வெளியேறுங்கள். பிறகு கெட்டி அட்டையால் வாரி, மூடியுள்ள புட்டியில் இடுங்கள். தூசி உறிஞ்சும் இயந்திரத்தை உபயோகிக்காதீர்கள். பழைய கைத்தொலைபேசி வாங்கினால் அதிலுள்ள விவரங்களை உரியவர் முன்னிலையிலேயே அழித்துவிடுங்கள்; அதுவும் அமானிதமே.

பெரிய சாதனம் விற்போருக்கு ஒரு சொல். புதியதை வீட்டில் கொண்டுபோய் இறக்கும்போது அதே வகைப் பழையதைக் கட்டணமின்றித் திரும்ப எடுத்து வருவது சிங்கப்பூரில் கடையின் அளவு எதுவாயினும் கடமை. சோடாப் புட்டிக் காலத்து வழக்கமே சட்டமாகத் திரும்பி வந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

நம் கடையில் இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை டப்பா இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் கடைப்பையன் அதைச் சமூக மன்றத்துக்கு எடுத்துப் போகிறான். டப்பாவுக்குள் இருப்பது என்னவென்று அவனுக்கு இப்போது நன்றாகத் தெரியும். வாங்க வருபவருக்கு நம்மைவிடத் தெளிவாக அவனே எடுத்துச் சொல்கிறான்.

அந்தத் துப்புரவுத் தொழிலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று துணிந்து ஒரு நாள் தேடினோம். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். ஐம்பது வெள்ளி கொடுத்தது பேரேட்டில் தருமக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. அதை அடித்துவிட்டுக் கடன் கணக்கில் எழுதினோம். அந்தக் கணக்குக்குக் கீழே இன்னும் கோடு போடவில்லை.